61 விசைக்குள் 104 விசை: சின்ன கீபோர்டின் கணக்கு

பெருங்குடியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வாரத்தில் சில நாள் அலுவலகம், மீதி நாள் வீடு. அலுவலகத்தில் எனக்கென்று நிரந்தர இடம் கிடையாது, காலியாக இருக்கும் மேசையில் உட்கார வேண்டும். பையில் போட்டுக்கொண்டு போகிற மாதிரி ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கலாம் என்று இருக்கிறேன். 60%, 65%, 75%, டிகேஎல் என்று என்னென்னவோ சொல்கிறார்கள். பகலில் எக்செல், டேலி. இரவில் கொஞ்சம் தமிழில் எழுதுவேன். எனக்கு எது சரிப்படும்?"

இதைக் கடையில் கேட்டால் எத்தனை விசை என்று சொல்வார்கள், அப்புறம் விலையைச் சொல்வார்கள். நான் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறேன். கீபோர்டைச் சின்னதாக்கும்போது பெரும்பாலான விசைகள் உண்மையில் காணாமல் போவதில்லை. இன்னொரு விசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. அங்கிருந்து எடுக்க ஒவ்வொரு தடவையும் கூடுதலாக ஒரு விரல் உழைக்க வேண்டும். ஆகவே உங்கள் வேலையில் எந்த விசை எவ்வளவு அடிக்கடி தேவைப்படுகிறது என்று தெரியாமல் அளவைத் தேர்ந்தெடுக்க முடியாது. அந்த 'அடியில் உட்காரும்' வித்தை எப்படி நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் அதுவே.

பெயர்களை வேகமாகப் பார்த்துவிடலாம். முழு கீபோர்டில் 104 விசை. வலது ஓரத்து நம்பர் பேடை எடுத்துவிட்டால் 87. இதற்கு டிகேஎல் என்று பெயர். மிச்சமிருப்பதை இடைவெளி இல்லாமல் நெருக்கி, அதிகம் பயன்படாத சிலவற்றைக் கழித்தால் 84 அளவில் வரும், அது 75%. எஃப்1 முதல் எஃப்12 வரையுள்ள மேல்வரிசையும் போனால் 68 அளவில் 65%. ஏரோ விசைகளும் போனால் 61, அது 60%. எண் வரிசையையும் எடுத்துவிட்ட 40% கூட இருக்கிறது. இந்தச் சதவீதங்களைக் கால்குலேட்டரில் போட்டுச் சரிபார்க்க வேண்டாம், அவை வெறும் பெயர்கள்.

சின்ன கீபோர்டு என்றால் விசைகளும் சின்னதாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு விசையின் நடுவிலிருந்து பக்கத்து விசையின் நடுவுக்கு 19.05 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலம். இந்த எல்லா அளவுகளிலும் இது மாறாது. தட்டச்சுப் பள்ளியில் பழகிய விரல் அப்படியே வந்து உட்காரும். மாறுவது மொத்த அகலம்தான். இரண்டு கைகளுக்கும் நடுக்கோடு ஜி, எச் விசைகளுக்கு இடையே ஓடுகிறது. அந்தக் கோட்டிலிருந்து வலது கடைசி விசையின் விளிம்பு வரை முழு கீபோர்டில் 30 செ.மீ. டிகேஎல்லில் 22 செ.மீ. 75%, 65% இரண்டிலும் ஏறக்குறைய 17.6 செ.மீ. 60%இல் 15.7 செ.மீ. உங்கள் மவுஸ் இந்த விளிம்புக்கு அப்பால்தான் தொடங்குகிறது. நம்பர் பேடைத் தொடவே தொடாத ஒருவர், அதைத் தாண்டி மவுஸைப் பிடிக்க நாள் முழுவதும் வலது கையை வெளியே நீட்டி, தோளைத் திருப்பி வைத்திருக்கிறார். சின்ன கீபோர்டுக்கு உடல் சார்ந்த ஒரு காரணம் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் இதே எண்களை இன்னொரு முறை பாருங்கள். முழு அளவிலிருந்து டிகேஎல்லுக்கு வந்தால் 8 செ.மீ. லாபம். அங்கிருந்து 75%க்கோ 65%க்கோ வந்தால் மேலும் 4 செ.மீ.க்குச் சற்று அதிகம். 65%இலிருந்து 60%க்கு இறங்கினால் கிடைப்பது வெறும் 2 செ.மீ. அந்த இரண்டு சென்டிமீட்டருக்காக நாலு ஏரோ விசைகளையும் கொடுத்துவிடுகிறீர்கள். எக்செல்லில் வேலை பார்ப்பவருக்கு இது நஷ்ட வியாபாரம். இன்னொன்று: 75%க்கும் 65%க்கும் அகலம் ஒன்றுதான். 75%இல் மேலே ஒரு வரிசை கூடுதல், அவ்வளவே. அந்த வரிசை மவுஸின் வழியில் நிற்பதில்லை.

மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனியாக ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதைப் பற்றி நீளமாக எழுத மாட்டேன், அதற்கே ஆயிரம் வீடியோ இருக்கிறது. 1983இல் செர்ரி நிறுவனம் கொண்டுவந்த எம்எக்ஸ் வடிவத்தைத்தான் இன்று பெரும்பாலானோர் பின்பற்றுகிறார்கள். விசை மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும், அதில் 2 மில்லிமீட்டரிலேயே அழுத்தம் பதிவாகிவிடும். ஸ்விட்ச்சின் வகையை நிறத்தால் சொல்வார்கள்: சிவப்பு சீராக இறங்கும், பழுப்பு நடுவில் ஒரு சின்ன முட்டு கொடுக்கும், நீலம் சத்தம் போடும். பக்கத்து மேசையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு வாடிக்கையாளரிடம் பேசுகிறவர் இருந்தால் நீலம் வேண்டாம். செர்ரி ஸ்விட்ச்சுகளின் உள்ளே தொடும் முனைகள் தங்கக் கலவையால் ஆனவை. தங்கம் துருப்பிடிக்காது என்பது திருவான்மியூர் கடற்காற்றில் வீடு வைத்திருப்பவருக்கு உண்மையிலேயே பயனுள்ள செய்தி.

சரி, விசை இறங்கியது. அடுத்து என்ன?

சின்ன கீபோர்டுகளில் வெகுகாலமாகப் பயன்பட்டுவரும் ஏடிமெகா32யூ4 என்ற சில்லில் (சிப்) இப்படிப்பட்ட வேலைக்குப் பயன்படுத்தக்கூடிய இணைப்புக் கால்கள் 26தான். 61 விசைக்கு 61 கம்பி இழுக்க முடியாது. அதனால் விசைகளை 5 வரிசை, 14 நெடுக்கை (மேலிருந்து கீழே ஓடும் வரிசை) என்று ஒரு கட்டமாகப் பிணைக்கிறார்கள். 5ம் 14ம் 19 கம்பி, வேலை முடிந்தது. சில் ஒவ்வொரு கம்பியாகத் தொட்டு, எந்தச் சந்திப்பில் மின்சாரம் ஓடுகிறது என்று பார்க்கும். இந்தச் சுற்று நொடிக்கு ஆயிரம் தடவைக்குக் குறையாமல் நடக்கும். ஒவ்வொரு விசைக்கும் பக்கத்தில் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் ஒரு டயோடு இருந்தால், ஒரே நேரத்தில் பல விசைகளை அழுத்தினாலும் மின்சாரம் சுற்றுவழியில் போய் அழுத்தாத விசையை அழுத்தியதாகக் காட்டாது. உலோக முனைகள் ஒன்றையொன்று தொடும்போது சில மில்லிசெகண்ட் துள்ளும். அந்தத் துள்ளல் அடங்கும்வரை சில் பொறுத்துக்கொள்ளும். பள்ளி இயற்பியலே இதற்குப் போதும்.

இங்கே கவனிக்க வேண்டியது, இதுவரை கீபோர்டுக்கு எழுத்து என்று எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் 'மூன்றாவது வரிசை, ஏழாவது நெடுக்கை' என்ற இடம் மட்டுமே. கணினிக்கு அது அனுப்புவதும் எழுத்து கிடையாது, ஒரு எண். யூஎஸ்பி விதிப்படி ஏ விசைக்கு எண் 4, எச் விசைக்கு 11, எஃப்5க்கு 62, இடது ஏரோவுக்கு 80. அந்த 11ஐ ஆங்கில எச் ஆக்குவதா, தமிழ் க ஆக்குவதா என்பது கணினியின் பாடு. ஆகவே இடத்துக்கும் எண்ணுக்கும் நடுவே கீபோர்டுக்குள் ஓர் அட்டவணை இருக்கிறது. இந்த இடமா, இந்த எண்ணை அனுப்பு. சின்ன கீபோர்டின் முழு மாயமும் இந்த அட்டவணையில்தான் இருக்கிறது. அட்டவணை ஒன்றாக மட்டும் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

ஒன்றின் மேல் ஒன்றாக நாலு அட்டவணை வைத்துக்கொள்ளலாம். இவற்றை லேயர் என்கிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒவ்வொரு மாடியிலும் அதே வரிசையில் வாசல்கள் இருக்கும், உள்ளே குடியிருப்பவர் மட்டும் வேறு, லேயரும் அப்படித்தான். தரைத்தளத்தில் மூன்றாவது வரிசை ஏழாவது இடத்தில் எச் குடியிருக்கிறது. எஃப்என் விசையைப் பிடித்துக்கொண்டால் மேல் மாடிக்குப் போகிறீர்கள், அங்கே அதே இடத்தில் இடது ஏரோ குடியிருக்கிறது. மேல் மாடியில் ஓர் இடத்தை 'ஊடுருவும்' இடமாக விட்டுவிடவும் முடியும். அப்போது சில் அடுத்த கீழ் மாடியில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்து அதை அனுப்பும்.

இதற்கு ஆகும் செலவு என்னை எப்போதும் வியக்க வைக்கிறது. கியூஎம்கே என்ற திறந்தமூல ஃபர்ம்வேரில் (கீபோர்டின் சில்லுக்குள் ஓடும் நிரல்) ஓர் இடத்துக்கு 2 பைட். 5 வரிசை, 14 நெடுக்கை என்றால் 70 இடம், 140 பைட். நாலு லேயருக்கு 560 பைட். மேலே சொன்ன சில்லில் மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம் 1024 பைட், அதிலேயே அடங்கிவிடுகிறது. தமிழில் ஓர் எழுத்துக்குறிக்கு 3 பைட் வேண்டும், ஆகவே இந்தக் கட்டுரையின் ஒரு நடுத்தரப் பத்தியைச் சேமிக்கவே அதைவிட அதிக இடம் பிடிக்கும்.

எஃப்என் அழுத்தப்பட்டது என்ற செய்தி கணினிக்குப் போவதே இல்லை. மாடி ஏறுவதும் இறங்குவதும் கீபோர்டுக்குள்ளேயே முடிந்துவிடும் விவகாரம். அலுவலக லேப்டாப்பில் எந்த மென்பொருளையும் நிறுவ அனுமதி இல்லாதவர்களுக்கு இது பெரிய வரம். வீட்டில் உட்கார்ந்து லேயரை அமைத்துக் கீபோர்டில் ஏற்றிவிட்டால், பழைய மகாபலிபுரம் சாலையில் எந்தக் கட்டடத்தின் எந்தக் கணினியில் செருகினாலும் அது அப்படியே வேலை செய்யும். (இந்த வசதியை நம்பிக் கடவுச்சொல்லை ஒரு விசையில் சேமித்து வைக்காதீர்கள். கீபோர்டை எடுத்து அந்த விசையை அழுத்துகிற எவர் கையிலும் அது கொட்டிவிடும்.)

இனி எனக்குப் பிடித்த இடம். விசையை அழுத்துவது சுலபமான பகுதி. விடுவதில்தான் சிக்கல் இருக்கிறது.

எஃப்என் பிடித்துக்கொண்டு எச் விசையை அழுத்துகிறீர்கள், இடது ஏரோ போகிறது, கர்சர் நகர்கிறது. வேலை முடிந்து இரண்டு விரலையும் எடுக்கிறீர்கள். மனித விரல்கள் ஒரே கணத்தில் எழுவதில்லை. எஃப்என் விரல் ஒரு இமைப்பொழுது முன்னால் எழுந்துவிட்டது என்று வையுங்கள். இப்போது கீபோர்டு தரைத்தளத்துக்கு இறங்கிவிட்டது. அதற்கப்புறம் எச் இடத்திலிருந்து விரல் எழுகிறது. எதை விட்டதாகக் கணினிக்குச் சொல்வது? அட்டவணையைப் பார்த்தால் அங்கே எச் இருக்கிறது. 'எச் விடப்பட்டது' என்று சொன்னால், கணினியைப் பொறுத்தவரை எச் அழுத்தப்படவே இல்லை, அது கண்டுகொள்ளாது. இடது ஏரோ? அதை விட்டதாக யாரும் சொல்லவில்லை.

இது ஏன் ஆபத்து என்றால், யூஎஸ்பி கீபோர்டு அனுப்புவது 'இப்போது கீழே இருக்கும் விசைகள் இவை' என்ற ஒரு நிலவரப் பட்டியல். அடிப்படை வடிவத்தில் அது 8 பைட்: ஷிஃப்ட், கன்ட்ரோல் வகை எட்டுக்கு ஒரு பைட், இன்னொன்று ஒதுக்கீடு, மீதி ஆறு பைட்டில் ஆறு விசை. ஒரு விசையை அழுத்திப் பிடித்தால் எழுத்து தொடர்ந்து வருகிறதே, அந்தத் திரும்பத் திரும்ப வரும் வேலையைச் செய்வது கீபோர்டு கிடையாது, கணினி. பட்டியலில் இடது ஏரோ நீடிக்கும்வரை கணினி கர்சரை நகர்த்திக்கொண்டே இருக்கும். உங்கள் இரண்டு கைகளும் மேசைக்கு மேலே காற்றில் இருக்க, கர்சர் மட்டும் இடது பக்கமாக ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்கான தீர்வு மிக அழகானது. ஒவ்வொரு விசை இறங்கும்போதும், அது எந்த மாடியில் அழுத்தப்பட்டது என்று சில் ஓர் ஓரமாகக் குறித்து வைத்துக்கொள்கிறது. அந்த விசை எழும்போது, கீபோர்டு இப்போது எந்த மாடியில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. குறிப்பைப் புரட்டி, அழுத்தியபோது இருந்த மாடியின் அட்டவணையைப் பார்க்கிறது. எங்கே அழுத்தப்பட்டதோ அங்கேயே விடப்படுகிறது. ஒரு விசைக்குச் சில பிட் நினைவு, அவ்வளவுதான் விலை. கியூஎம்கே மாதிரி நல்ல ஃபர்ம்வேரில் இது இயல்பாகவே இருக்கிறது. இதை எழுதியவர்கள் உலகெங்கும் இருக்கிற தன்னார்வலர்கள். ஜுன் வாக்கோ என்பவர் எழுதிய டிஎம்கேயிலிருந்து கிளைத்தது கியூஎம்கே. நாம் தினமும் அறியாமல் அனுபவிக்கிற நுணுக்கங்களில் எவ்வளவோ இப்படிக் கூலி வாங்காத கைகளில் உருவானவை என்பதை நினைத்தால் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. விசைகள் குறைவு என்பதால் ஒரே விசைக்கு இரண்டு வேலை கொடுக்கிறார்கள். கேப்ஸ் லாக் இடத்தைத் தட்டினால் எஸ்கேப், பிடித்திருந்தால் கன்ட்ரோல். ஸ்பேஸைத் தட்டினால் இடைவெளி, பிடித்திருந்தால் மேல் மாடி. விசை கீழே போகிறது. அந்தக் கணத்தில் இது தட்டலா, பிடித்தலா? விரலின் எதிர்காலம் சில்லுக்குத் தெரியாது. காத்திருப்பதைத் தவிர வழி இல்லை. எவ்வளவு நேரம்? கியூஎம்கேயில் இயல்பான வரம்பு 200 மில்லிசெகண்ட். அதற்குள் விரல் எழுந்தால் தட்டல், தாண்டினால் பிடித்தல்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நிமிடத்துக்கு 60 சொல் அடிக்கிறவரை எடுத்துக்கொள்வோம். தட்டச்சுக் கணக்கில் ஒரு சொல் என்பது 5 அடிப்பு. நிமிடத்துக்கு 300, நொடிக்கு 5, ஆக ஓர் அடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 200 மில்லிசெகண்ட். சில் யோசிக்க எடுத்துக்கொள்கிற நேரமும், தேர்ந்த விரல் அடுத்த விசைக்குப் போகிற நேரமும் ஒன்றாகவே இருக்கின்றன! கூடவே, வேகமாக அடிக்கிறவர் ஒரு விசையை முழுதாக விட்ட பிறகு அடுத்ததைத் தொடுவதில்லை. முதல் விரல் எழுவதற்குள் இரண்டாவது விரல் இறங்கிவிடும். ஆகவே நேரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால், வேகமாக எழுதும்போதெல்லாம் தப்பாகும்.

அதனால் சில் நேரத்தோடு சேர்த்து வரிசையையும் பார்க்கிறது. தமிழ்99 என்ற தட்டச்சு அமைப்பில் எச் விசைதான் க. 'ஒரு கடை' என்று வேகமாக அடிக்கிறீர்கள். ஸ்பேஸ் இறங்குகிறது, க இறங்குகிறது, ஸ்பேஸ் எழுகிறது, க எழுகிறது. முதலில் இறங்கியது முதலில் எழுந்தது. இரண்டு அழுத்தங்களும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. இது எழுதும் விரலின் அடையாளம். இதுவே நீங்கள் ஸ்பேஸைப் பிடித்துக்கொண்டு இடது ஏரோ வேண்டும் என்று நினைத்திருந்தால்? ஸ்பேஸ் இறங்குகிறது, எச் இறங்குகிறது, எச் எழுகிறது, அதற்கப்புறம்தான் ஸ்பேஸ் எழுகிறது. ஒன்று இன்னொன்றுக்குள் முழுதாக அடங்கிவிட்டது. இது பிடித்திருக்கும் விரலின் அடையாளம். ஒன்றுக்குள் ஒன்று அடங்கினால் பிடித்தல், வெட்டிக்கொண்டால் தட்டல். இந்த ஒற்றை விதியைச் சேர்த்தால் 200 மில்லிசெகண்ட் முடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். உள்ளே இருக்கும் விசை எழுந்த கணமே விடை தெரிந்துவிடும். விடை தெரியும்வரை சில் எதையும் அனுப்பாமல் வரிசையாகச் சேர்த்து வைத்திருந்து, தெரிந்ததும் சரியான வரிசையில் மொத்தமாக அனுப்புகிறது. கணினிக்கு இந்தத் தயக்கம் எதுவும் தெரியாது. உங்கள் நோக்கம் என்ன என்பதை, இரண்டு விரல்கள் எழுந்த வரிசையிலிருந்து ஊகிக்கிற இந்த ஏற்பாட்டைப் படித்த அன்றிலிருந்து கீபோர்டை நான் சாதாரணப் பொருளாகப் பார்க்கவில்லை.

விலை இல்லாமல் இல்லை. சாதாரண விசையில் எழுத்து இறங்கும்போதே திரையில் வரும். இரண்டு வேலை பார்க்கும் விசையில் விரல் எழும்போதுதான் வரும். அந்தச் சிறு தாமதம் சிலருக்குத் தெரியவே தெரியாது, சிலருக்குச் சகிக்கவே முடியாது. கேப்ஸ் லாக்கில் தொடங்குங்கள், அங்கே தாமதம் உறுத்தாது. 1996இல் வந்த ஜப்பானியச் சின்ன கீபோர்டு ஒன்றில், கணினி அறிவியலாளர் எய்ச்சி வாடா ஏ விசைக்குப் பக்கத்தில் கன்ட்ரோலை வைத்தார். அந்த இடம் கன்ட்ரோலுக்கு எவ்வளவு பொருத்தம் என்று ஒரு நாள் பழகினாலே தெரியும்.

இவ்வளவும் தெரிந்தபின் தேர்வு சுலபமாகிறது. அடியில் இருக்கிற விசையை எப்போதாவது எடுப்பதாக இருந்தால் பரவாயில்லை. வேறு விசைகளோடு சேர்த்து எடுப்பதாக இருந்தால்தான் கஷ்டம். டேலியைப் பாருங்கள். எஃப்4 கான்ட்ரா, எஃப்5 பேமென்ட், எஃப்6 ரிசீட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ். ஒரு வவுச்சரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதே எஃப் வரிசையில்தான். எக்செல்லில் செல்லைத் திருத்த எஃப்2, டாலர் குறி போட எஃப்4, தரவின் கடைசிவரை தேர்ந்தெடுக்க கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏரோ மூன்றும் சேர்ந்து. 60%இல் அந்த ஏரோவுக்கு எஃப்என்னும் சேர்ந்தால் நாலு விசை. முடியாதது கிடையாது, ஆனால் மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் இரவில் யாரும் இதை விரும்ப மாட்டார்கள். கணக்கு வேலைக்கு 60%, 65% இரண்டையும் நான் தயங்காமல் விலக்குவேன்.

நிரல் எழுதுபவர்களுக்குக் கணக்கு வேறு. பிழை தேடும்போது எஃப்5, எஃப்10, எஃப்11 கேட்கும் கருவிகளில் வேலை என்றால் 75%. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் திரையிலேயே வாழ்பவருக்கு 65% போதும். ஒரு விஷயத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: பல 65%, 60% கீபோர்டுகளில் இடது மேல் மூலை எஸ்கேப்புக்குப் போய்விடும், அங்கே இருந்த டில்டே குறி (~) அடியில் போய்விடும். அதை எடுக்க எஃப்என், ஷிஃப்ட், எஸ்கேப் என்று மூன்று விசை. லினக்ஸில் வீட்டு அடைவைக் குறிக்க அந்தக் குறியைத்தான் நாள் முழுக்க அடிக்கிறார்கள்.

நம்பர் பேடை லேயரில் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். வைக்கலாம். யூஎஸ்பியில் மேல்வரிசை 5க்கு எண் 34, நம்பர் பேடின் 5க்கு எண் 93. லேயரில் 93ஐயே வைத்தால் கணினிக்கு வித்தியாசம் தெரியாது. விரலுக்குத் தெரியும். எழுத்து வரிசைகள் நேர்கோட்டில் அடுக்கப்படவில்லை. மேல் எழுத்துவரிசைக்கும் நடுவரிசைக்கும் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் விலகல், நடுவரிசைக்கும் கீழ்வரிசைக்கும் ஒன்பதரை மில்லிமீட்டர். நம்பர் பேடின் நெடுக்கைகளோ நேராக நிற்கின்றன. ரசீதைப் பார்த்துக்கொண்டே எண்களை அடிக்கிற கைக்கு அந்த நேர்கோடுதான் உயிர். அதற்குத் தனி யூஎஸ்பி நம்பர் பேடு வாங்கி, இடது பக்கம் வைத்துக்கொள்வது நல்ல வழி. வலது பக்கம் மவுஸுக்கே இருக்கட்டும்.

ரூபாய்க் குறியையும் மறந்துவிடாதீர்கள். விண்டோஸில் இந்திய ஆங்கில அமைப்பில் வலது ஆல்ட்டும் 4ம் சேர்ந்தால் ₹ வரும். இடம் பற்றாத சில கீபோர்டுகளில் முதல் பலி அந்த வலது ஆல்ட்தான். கன்ட்ரோல், ஆல்ட், 4 மூன்றையும் சேர்த்து அடித்தாலும் வரும், ஆனால் விலைப்பட்டியல் தயாரிப்பவர் முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

தமிழுக்கு வருவோம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் பயனாகத் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 அமைப்பில் 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், மொத்தம் 31 விசை. ஆங்கிலத்துக்கு 26 போதும், நமக்கு ஐந்து கூடுதல். அந்த ஐந்தும் எங்கே இருக்கின்றன? செமிகோலன் விசையில் ந, அதன் பக்கத்து மேற்கோள் விசையில் ய, சாய்கோட்டில் ழ, இரண்டு சதுர அடைப்புக்குறி விசைகளில் ச, ஞ. 60% வரை இந்த ஐந்தும் பத்திரமாக இருக்கின்றன. 40%க்கு இறங்கினால் முதலில் காணாமல் போவது அடைப்புக்குறிகள். ஆங்கிலத்தில் எழுதுபவர் அவற்றை மாதத்தில் நாலு தடவை தேடுவார். நமக்குப் போனது ச. சென்னை, சட்டம், செய்தி, சாப்பாடு எதற்கும் எஃப்என் பிடிக்க வேண்டும். தமிழில் எழுதுபவர் 40% வாங்கக் கூடாது என்பதற்கு இந்த ஓர் எழுத்தே போதும். 60%க்கு எதிராக மட்டும் தமிழ் எதையும் சொல்லவில்லை.

எந்த விரல் தமிழில் அதிகம் உழைக்கிறது, எந்த இணைப்பில் கை தடுமாறுகிறது, மெய்யை இரண்டு தடவை அடித்தால் தானாகப் புள்ளி வரும் வசதி எவ்வளவு அடிப்பை மிச்சப்படுத்துகிறது என்பதை எல்லாம் பெரிய அளவில், பொதுப்பணத்தில், தொடர்ந்து அளந்துகொண்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கோட்டூர்புரத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது, பக்கத்திலேயே அண்ணா பல்கலைக்கழகமும் ஐஐடியும் இருக்கின்றன. மொழிக்கு விழா எடுக்க ஆகிற செலவில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும். மாணவர்கள் சிலர், சில நூறு எழுதுபவர்கள், எழுதுவதை நேரத்தோடு பதிவுசெய்யும் ஒரு மென்பொருள். கருவி விலை அதிகமில்லாத ஆய்வு என்பதால் அது சின்ன ஆய்வு ஆகிவிடாது. கோடிக்கணக்கான விரல்கள் சம்பந்தப்பட்டது.

ஆக, நம் வாசகிக்கு என் பதில்: லேயரை மாற்றி அமைக்கக்கூடிய 75%, கூடவே இடது பக்கம் வைக்க ஒரு தனி நம்பர் பேடு. இரண்டு பொருளைச் சுமக்க முடியாது என்றால் டிகேஎல், எண் வரிசையிலேயே எண்களை அடிக்கப் பழகிக்கொள்ளலாம். அலுவலகத்தில் வெளிக் கீபோர்டு செருகலாமா என்று முதலில் ஐடி பிரிவிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பாதுகாப்பு விதிகள் இடத்துக்கு இடம் மாறும்.

சின்ன கீபோர்டு வாங்கினாலே வேகம் கூடிவிடும் என்பதை நம்பாதீர்கள். அகலத்தைக் குறைத்ததால் விரலுக்குச் சிறகு முளைக்காது. ஆயுத பூஜை அன்று கீபோர்டுக்குப் பொட்டு வைப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். செய்யும் தொழிலை மதிப்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் சந்தனமும் குங்குமமும் விசைகளுக்கு நடுவே வேண்டாம், ஓரச் சட்டத்தில் வையுங்கள். ஸ்விட்ச்சின் தண்டு வழுக்கி இறங்கும் இடைவெளி மிகச் சிறியது. ஈரச் சந்தனம் அங்கே காய்ந்தால் விசை ஒட்டிக்கொள்ளும், பொடி முனைகளுக்கு இடையே புகுந்தால் தொடர்பு விட்டு விட்டு வரும். அதைக் கடவுளின் கோபம் என்று நினைத்துப் பரிகாரம் தேடுவதைவிட, மூடியைக் கழற்றித் தூரிகையால் துடைப்பது பலன் தரும்.

வாங்குவதற்கு முன் சென்னையின் ரிச்சி தெருவில் எடுத்துப் பார்க்க விடும் கடையாகத் தேடிப் போங்கள். கடைக்காரரின் கணினியில் ஏதாவது ஒரு நீளமான வாக்கியத்தை அடித்துவிட்டு, எஃப்என் லேயரில் உள்ள இடது நகர்வு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஏரோ தனியாக இருக்கும் 75%இல், நீளமான ஆவணம் ஒன்றைத் திறந்து, பிடித்திருந்தால் கர்சரைத் தொடர்ந்து நகர்த்துகிற, அடியில் இருக்கும் வேறு எதையாவது பாருங்கள். எஃப்என்னைப் பிடித்து அந்த விசையை அழுத்துங்கள். இப்போது எஃப்என் விரலை மட்டும் முதலில் எடுங்கள். மற்ற விரல் கீழே இருக்கும்வரை கர்சர் நகர்ந்தால் தவறில்லை, அந்த விரலையும் எடுத்ததும் நிற்க வேண்டும். இரண்டு கையையும் எடுத்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தால், பெட்டிக்குள் திருப்பி வைத்துவிட்டு அடுத்ததைக் காட்டச் சொல்லுங்கள்.